சூசைதாசன் யாருடைய ஆள்

சூசைதாசன் லண்டனுக்கு வந்தது 1984 நவம்பரில். 1985 என்று சிலர் சொல்கிறார்கள். அது அவர் பட்டறை தொடங்கிய ஆண்டு. இந்த இரண்டிலும் எனக்குக் குழப்பம் இல்லை. அவர் இறந்த பிறகு எங்கள் தெருவில் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வால்தம்ஸ்டோவில் எங்கள் பிள்ளையார் கோயில் தொடங்கிய நாளிலிருந்து அதன் நடப்புகளை எழுதி வைப்பவன் நான். அன்று நடந்ததை ஒழுங்கில் எழுதினாலாவது விளங்குமா என்று பார்க்கிறேன்.

அவர் மன்னார்க் கத்தோலிக்கர். கொல்லர். வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். பிறகு ரயில் பாலத்தின் கீழ் ஒரு வளைவறையை வாடகைக்கு எடுத்து உலை மூட்டினார். இந்த நகரத்தில் உலை மூட்டிய முதல் தமிழர் அவர்தான் என்று நினைக்கிறேன். வேறொருவர் இருந்தால் எனக்குத் தெரியவில்லை. பழைய கார்களின் வில்லுத்தகட்டை வெட்டித் தேங்காய் துருவும் திருவலை செய்தார். விமானத்தில் திருவலை கொண்டுவர விடாத காலம் அது. பார்க்கிங், ரெய்னர்ஸ் லேன் என்று லண்டனின் மற்றப் பகுதிகளிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். வீடு எங்கள் கோயில் தெருவிலேயே, எதிர்ப்பக்கத்தில் எட்டாவது.

1994 ஜூனில் கோயிலுக்குத் தேர் வந்தது. சில்லுகள் மரத்தால் ஆனவை. இரும்புப் பட்டை போட ஆள் இல்லை. கோயில் செயலாளர் பரமேஸ்வரன் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அண்ணை, நீங்கள் வேதக்காரர். இதை உங்களிட்டைக் கேக்கிறது சரியோ தெரியேல்லை."

"இரும்புக்கு நான் ஞானஸ்நானம் குடுக்கிறேல்லைத் தம்பி. சில்லைக் கொண்டாங்கோ."

கோயிலின் பின்முற்றத்தில் வட்டமாக நெருப்பு மூட்டி, அதில் பட்டையைச் சிவக்கக் காய்ச்சினார். காய்ந்தால் பட்டை விரியும். சில்லில் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுகும். பட்டை சிவந்த நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அயல்வீட்டார் யாரோ புகையைக் கண்டு அழைத்திருந்தார்கள். பரமேஸ்வரன் பயந்துபோய்த் தன் ஆங்கிலத்தையெல்லாம் மறந்தார். சூசைதாசன் இரண்டு விரலைக் காட்டி, "டூ மினிட்" என்று சொல்லிவிட்டுப் பட்டையைக் குறட்டால் தூக்கிச் சில்லில் இறக்கினார். மரம் புகைந்து எரியத் தொடங்கியது. எங்கள் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. அவர் தீயணைப்பு வீரர்களின் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். பிறகு சில்லைக் காட்டினார். அவர்களுடைய தலைவன் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தான். ஆவி கூரைக்கு மேலே எழுந்தது. சில்லு முனகி இறுகியது.

"கடவுளாப் பாத்து அனுப்பினது அண்ணை," என்றார் பரமேஸ்வரன்.

"கடவுள் இல்லை, மூண்டாம் வீட்டு மனிசி. மிச்சச் சில்லுகளுக்கும் அவவிட்டை முன்னமே சொல்லி வையுங்கோ."

நான்கு சில்லுக்கும் பட்டை போட்டார். அவற்றின் மேல் தேர் ஓடியதை அவர் காணவில்லை. ஜூலை கடைசியில், பக்கத்து வளைவறைக் கார் திருத்துபவர் போய்ப் பார்த்தபோது, உலை எரிந்துகொண்டிருந்தது. இவர் அருகில் உட்கார்ந்தபடி இறந்திருந்தார். திடீர் மரணம் என்பதால் பரிசோதனை, விசாரணை என்று உடலைத் தரப் பிந்தியது. கிடைத்தபோது பாதிரியாருக்கு ஒழிவாக இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. ஆகஸ்ட் 13. அன்றுதான் எங்கள் தேர். தெருவை மூடக் கவுன்சில் அனுமதி தந்ததும் அன்று காலைக்கு மட்டும்.

தெருவில் பிரேதம் கிடந்தால் அது எடுபடும்வரை கோயிலில் பூசை இல்லை என்பது எங்கள் வழக்கம். ஆனால் லண்டனில் பிரேதம் தெருவில் கிடப்பதில்லை. எங்கோ ஒரு குளிரறையில் கிடக்கிறது. அப்படியானால் இந்தத் தெருவில் சாவு இருக்கிறதா, இல்லையா? பரமேஸ்வரன் என்னைக் கேட்டார்.

"அண்ணை, நீங்கள்தானே எல்லாம் எழுதி வைக்கிறியள். முந்தி எங்கையும் இப்பிடி நடந்ததோ?"

நடந்ததாக என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். ஐயரிடம் போனோம். துடக்கு என்னும் சாவுத் தீட்டு உண்டா என்று தீர்மானிக்க ஐயர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் உங்கட ஆளோ?"

பரமேஸ்வரன் கொஞ்சம் தடுமாறினார். "எங்கட ஆள் இல்லை, ஐயா. வேதக்காரர்."

"அப்ப துடக்கு இல்லை, தேர் ஓடலாம். ஆனால் சுவாமி வீதியில நிக்கேக்க பிரேதம் எதிர வரப்படாது."

உடலை வீட்டுக்குக் கொண்டுவராமல் நேரே தேவாலயத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேட்பதற்காக அருமைநாயகியிடம் போனோம். அவர் சூசைதாசனின் மனைவி. எங்களுக்குத் தேநீர் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வாசலால வேலைக்கெண்டு வெளிக்கிட்ட மனிசன், தம்பி. திரும்பி வரேல்லை. ஒருக்கா வந்திட்டுப் போகட்டும் எண்டுதான் கேக்கிறன்."

"விளங்குது அக்கா. ஆனால் ஐயர்..."

"ஐயர் என்ன சொன்னவர்?"

பரமேஸ்வரனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "எங்கட ஆள் இல்லையெண்டால் துடக்கில்லை எண்டவர்."

"சில்லு அடிக்கேக்க அவர் ஆருடைய ஆள்?" அருமைநாயகி குரலை உயர்த்தவில்லை. "இரும்பைக் கழட்டித் தாங்கோ. அதையும் அவரோட அடக்கம் செய்யிறன்."

பரமேஸ்வரன் தேநீரைத் தொடவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "பதினொரு மணிக்குக் கொண்டுவாங்கோ அக்கா. பத்தரைக்குத் தேர் உள்ளுக்கு வந்திடும்," என்றார்.

தேர் நேரத்துக்கு வெளிக்கிட்டதாக என்னிடம் ஒரு பதிவும் இல்லை. இந்த நாட்டில் சவ வண்டி பிந்தி வந்ததாகவும் நான் அறியேன். பதினொரு மணிக்கு அது தெருமுனைக்கு வந்தபோது, தேர் சூசைதாசன் வீட்டுக்குச் சற்று இப்பால் நடுத்தெருவில் நின்றது. தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் யாரையும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு தடுப்பை இழுத்து வழி விட்டார்.

மேளம் தானாக நின்றது. ஐயர் சுவாமிக்குத் திரை போட்டார். வண்டி மெல்ல வந்து வீட்டு வாசலில் நின்றது. பெட்டியைத் தூக்க நான்கு பேர் கறுப்பு உடுப்போடு இறங்கினார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் பக்கத்து வடத்தை ஒருவர் கீழே வைத்தார். பிறகு இன்னொருவர்.

"பெட்டி தூக்கிறவை வடத்தை இனித் தொடேலாது!" என்று ஐயர் தேரிலிருந்து கத்தினார்.

எல்லோருக்கும் கேட்டது. ஆனாலும் போனார்கள். எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினேன். ஒருவர் விட ஒருவர் தோள் கொடுத்ததில் கணக்குப் பிசகிவிட்டது. வெறும் மேலில் திருநீறும் சந்தனமுமாக, சிலுவை வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அருமைநாயகி வாசலில் நின்று, "வாங்கோ," என்றார். பெட்டியைத் தூக்கி வந்தவர்களுக்குச் சொன்னாரா, பெட்டிக்குள் இருந்த கணவருக்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பரமேஸ்வரன் மட்டும் வடத்தை விடவில்லை.

"எல்லாரும் போனால் தேரை ஆர் இழுக்கிறது?"

பெண்கள் பக்கத்து வடத்திலிருந்து அவர் மனைவி பாலாம்பிகை பதில் சொன்னார். "நாங்கள் என்ன, சும்மா பாக்க வந்தனாங்களே? விலத்துங்கோ அங்கால."

பெட்டி வீட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பிறகு வண்டி தேவாலயத்துக்குப் புறப்பட்டது. தூக்கியவர்கள் வேட்டியோடேயே மேலில் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். தெரு வாசல்களில் தண்ணீர் தெளித்தார்கள். ஐயர் திரையை எடுத்தார். பெண்கள் இரண்டு வடத்தையும் பிடித்தார்கள். இரும்பு தார்த்தெருவில் கறகறத்தது. கவுன்சில் தந்த நேரம் முடிந்தும் அந்தப் பொலிஸ்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தேர் கோயிலடியில் தன் இருப்புக்கு வந்து சேர்ந்தது. பட்டை ஒன்றும் கழன்று வரவில்லை.

பரமேஸ்வரன் அன்று பெட்டியைத் தொடவில்லை, அந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அடுத்த நாள் தீர்த்தத் திருவிழா. அதற்கு அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தார். ஆனால் கதவுக்கு வெளியே நடைபாதையில் நின்றார்; செருப்பைக் கழற்றவில்லை. கணக்குகளை என்னை வெளியே கூப்பிட்டுக் கேட்டார். அடுத்த வெள்ளியும் அப்படியே. சொந்தத் தமையன் செத்தால் முப்பத்தொரு நாள் கோயிலுக்குள் போகாதிருப்போமே, அப்படி நின்றார்.

மூன்றாம் வெள்ளி ஐயருக்குப் பொறுக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தார்.

"ஏன் காணும் உள்ளுக்கு வாறீரில்லை? துடக்கோ?"

"ஓம் ஐயா."

"உமக்கு ஆர் செத்தது?"

பரமேஸ்வரன் எதிர்ப்பக்கம் பார்த்தார். அருமைநாயகி வீட்டில் விளக்கு எரிந்தது.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை, ஐயா," என்றார்.