சட்டைக் கணக்கில் ஒரு பிரசவம்

எங்கள் தையல் கம்பெனி லைனில் அவளைக் காஜா அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷின் அவளுடையது. நான் அவளுக்கு எதிரே, பிசிறு வெட்டும் மேசையில் இருக்கிறேன். தைத்து வரும் சட்டையில் தொங்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். யாரிடமும் பேசத் தேவையில்லாத வேலை, எனக்கு அது வசதி. நிமிர்ந்தால் அக்காவின் முகம்தான் தெரியும்.

அவள் உண்டாகியிருப்பதை நான் அவள் ஸ்டூலை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஒரு சாண் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, கையை நீட்டி நீட்டி வேலை செய்தாள். அன்று சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் இடத்தில் என்னை உரசிக்கொண்டு வந்து நின்றாள்.

"கண்டுபிடிச்சிட்ட இல்ல?"

தலையாட்டினேன்.

"உன் வாயிலிருந்து உன் பேரே வராது. அதனால உன்கிட்ட பயமில்ல."

கல்யாணமாகி ஒன்பது வருஷம். இதற்கு முன் இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. இரண்டாவது முறை இலவச ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தபோதே எல்லாம் முடிந்துபோனது. இந்தத் தடவை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் டாக்டரம்மாவிடம் போனாள். அந்த அம்மா ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, பயந்த மாதங்களைத் தாண்ட வைத்துவிட்டார். பிரசவமும் அவர் கையால்தான் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். அங்கே எல்லாவற்றுக்கும் பணம்.

எங்கள் லைன் மாஸ்டர் இரக்கமுள்ளவர். ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் அன்றைக்கே மெஷினிலிருந்து எழுப்பி எங்கள் மேசைக்கு அனுப்பிவிடுவார். மெஷினில் சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் மேசையில் நாள் கூலி, அதில் பாதிகூடத் தேறாது. அந்த இரக்கம் அக்காவுக்குக் கட்டுப்படியாகவில்லை. வயிறு தெரியாமலிருக்க, அவளைவிட இரண்டு மடங்கு பருமனான ஆள் போடுகிற கம்பெனி ஓவர்கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் காஜா போட்டாள்.

அவள் கணக்கெல்லாம் சட்டையில்தான். "தொட்டில் ரெண்டு நாள் சட்டை. மெத்தை அரை நாள். டாக்டரம்மாவுக்கு முழுசா ஒரு மாசச் சட்டை."

"ஆபரேஷன்னா?" என்று கேட்டேன்.

"வாயைக் கழுவு. அதுக்குத்தான் கம்பெனிக் காசு இருக்கே."

பிரசவத்துக்குப் போகிறவர்களுக்குக் கம்பெனி மூன்று மாதச் சம்பளம் கொடுக்கும். எட்டாம் மாதம் லீவுக்கு எழுதும்போது டாக்டர் சீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்பது அவள் திட்டம். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. எங்களோடு மேசையில் இருக்கும் ரேடியோ அக்கா மூன்று பெற்றவள். அவளும் ஆமாம் என்றாள். அதற்குள் அவளும் கண்டுபிடித்திருந்தாள். ஆனால் பேரில் இருக்கும் சத்தத்தை இந்த விஷயத்தில் அவள் காட்டவில்லை.

எட்டாம் மாதம் பிறந்ததும் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். சம்பளக் கணக்கு பார்க்கும் அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஆறு மாசம் முடியறதுக்குள்ள பதிஞ்சிருக்கணுமேம்மா."

"இப்ப பதிஞ்சுக்கோங்க மேடம்."

"இப்ப கம்ப்யூட்டர் எடுக்காது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

நிஜமாகவே கேட்டார்.

அப்படியொரு கெடு இருப்பது லைனில் ஒருத்திக்கும் தெரியாது. தெரிய வேண்டி வந்ததே இல்லை. மற்றவர்கள் எல்லோரும் மாஸ்டரிடம் முன்பே சொல்லிவிடுவார்கள், அவரே ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிடுவார். மறைத்தவள் இவள் ஒருத்திதான்.

கீழே வந்தபோது மாஸ்டருக்குச் செய்தி போயிருந்தது. அவர் கத்தவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றார். பிறகு, "மேசைக்குப் போ. மெஷின்ல உட்காராதே" என்றார்.

"மாஸ்டர், இன்னும் மூணு வாரம் மட்டும்."

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்கும்மா பதில் சொல்றது? போம்மா."

அக்கா கத்தரியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா" என்றாள் ரேடியோ அக்கா. சொன்ன பிறகு அவள் கண்தான் முதலில் கலங்கியது.

சாயங்காலம் கேட்டில் அக்காவின் வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா, காய்கறி ஏற்றும் வேனோடு நின்றிருந்தார். அக்கா சொல்லச் சொல்ல, ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"விடு, பார்த்துக்கலாம்."

"எதை வச்சுப் பார்க்கறது?"

அவர் மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த நாளிலிருந்து நூல் வெட்டிக்கொண்டே அவள் ஒவ்வொன்றாகக் கழித்தாள். தொட்டில் வேண்டாம், நாத்தனார் வீட்டுப் பழையது இருக்கிறது. மெத்தை வேண்டாம், புடவையை மடித்துப் போட்டால் ஆயிற்று. பெற்ற பிறகு மூன்று மாதம் வீட்டில் இருக்க முடியாது, ஒரு மாதம் போதும். எவ்வளவு கழித்தும் டாக்டரம்மா கணக்குக்குள் வரவில்லை. மாமா இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். ரேடியோ அக்கா எங்களிடம் வசூல் செய்தாள். நாங்களும் நாள் கூலிக்காரிகள்தானே, வந்த பணம் ஸ்கேனுக்குச் சரியாக இருந்தது.

சனிக்கிழமை அவளோடு நானும் டாக்டரம்மாவிடம் போனேன். இலவச ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கு ஃபைலைக் கேட்டாள்.

"இத்தனை மாசம் இங்க பார்த்துட்டு இப்ப ஏன்மா?"

"அது எங்களுக்குக் கிட்ட, மேடம்."

டாக்டரம்மா அவளையே பார்த்தார். இரண்டு தெரு தள்ளி வீடு என்பது ஃபைலிலேயே இருக்கிறது. ஃபைல் அட்டையின் மேல் தன் நம்பரை எழுதி, "அங்க உள்ள டாக்டர் கையில முதல்ல இதைக் கொடு. பெஞ்சில உட்கார்ந்துட்டே இருக்காதே. அவசரம்னா எனக்கு போன் பண்ணு" என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். அக்கா அந்த நம்பரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"போன் பண்ணா வருவாங்களாடி?"

"நம்பர் கொடுத்திருக்காங்களே அக்கா."

"கொடுத்திருக்காங்க. அந்த ஆஸ்பத்திரிக்குள்ள இவங்களை விடுவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்டால் தெரியும் என்பதும் தெரியவில்லை. வயிற்றுக்குள் குழந்தை உதைத்திருக்க வேண்டும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, ஃபைலை அங்கே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.