ஏழாவது எஞ்சின்

ஆறாவது எஞ்சினையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் கணவர் மோட்டார் சைக்கிளில் ஏறியபோது நான் பின்னால் ஏறவில்லை. ஒட்டுசுட்டானில், நல்ல உச்சி வெயில்.

"ஏறுமன்" என்றார்.

"நான் பஸ்ஸில வாறன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டார். பஸ் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் நான் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பிள்ளை, தனியக் கதைக்கிறீர்" என்று சொன்ன பிறகுதான் வாயும் அசைந்திருக்கிறது என்று தெரிந்தது.

எங்களுடையது முள்ளிவாய்க்கால் கரையில் நிற்கும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் படகு. அவரும் அவருடைய கூட்டாளியும்தான் மீன்பிடித் தொழிலுக்குப் போவார்கள். பழைய எஞ்சின் ஒரு நாள் நடுக்கடலில் நின்றுவிட்டது. காலையில் கரைக்கு வரவேண்டியவர்கள், மத்தியானம் கடந்து இன்னொரு படகின் பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்து சேர்ந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டேன். "எஞ்சின் நிண்டுட்டுது" என்றார். அவர் உள்ளங்கையில் சுற்றியிருந்த துணியைக் காட்டிக் கேட்டேன். "கயிறு வெட்டினது" என்றார். அதற்கு மேல் ஒரு கதையும் இல்லை. எஞ்சினைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், இதற்கு இனிச் சாமான் கிடைக்காது, விட்டுவிடுங்கோ என்று சொல்லிவிட்டார். புதிது வாங்க எங்களால் ஏலாது. ஆகவே பாவித்த எஞ்சின் ஒன்று தேட வேண்டும்.

நான் கடற்கரைப் பிள்ளை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே காணி கிடைத்து வயல் செய்தவர் என் அப்பா. வாய்க்கால் வரம்பிலும் தண்ணீர் இறைக்கும் மெசினோடும் வளர்ந்தவள் நான். பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தெரியும், காபரேட்டர் கழுவத் தெரியும். கடலுக்கு என்றாலும் எஞ்சின் எஞ்சின்தானே, ஒரு கிழமையில் பார்த்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நாலு மாதம் ஆனது.

முதலாவது எஞ்சின் இருந்தது மல்லாவியில். கடல் மணமே இல்லாத இடத்தில் எஞ்சினா என்று சிரித்துக்கொண்டுதான் போனோம். அந்த வீட்டுக்காரர் தன் மச்சானோடு சேர்ந்து கடல் தொழில் செய்வதற்கென்று வாங்கியது. மச்சான் வெளிநாடு போய்விட்டார், எஞ்சின் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் போர்வை சுற்றிக் கிடந்தது. போர்வையை விலக்கியதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உப்புப் பூத்த தடமே இல்லை. திருகாணித் தலைகள்கூடத் தேயாமல் இருந்தன, யாரும் உள்ளே கழற்றவில்லை என்று அர்த்தம்.

என் கணவர் குந்தியிருந்து அரை மணித்தியாலம் பார்த்தார். பிறகு எழும்பி, "ஓடாமல் கிடந்த எஞ்சின் ஓடித் தேஞ்ச எஞ்சினை விட மோசம்" என்றார். "உள்ளுக்கு ரப்பரெல்லாம் காஞ்சு போயிருக்கும்."

"ரப்பரை மாத்தலாம்தானே?"

"உமக்கென்ன தெரியும்? இது வயல் மெசின் இல்லை."

வீட்டுக்காரருக்கு முன்னால் அப்படிச் சொன்னது எனக்குச் சுட்டுவிட்டது. ஆனாலும் அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தபடியால் பேசாமல் வந்தேன். இரண்டாவது எஞ்சினுக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தது. "எதையோ மறைக்கிறாங்கள்" என்றார். மூன்றாவதுக்குப் பெயின்ற் அடித்திருக்கவில்லை, துரு தெரிந்தது. "பாத்தனீரே கறளை!" என்றார். அடுத்தது பதினைந்து குதிரைவலு. எங்கள் படகை இழுக்க அந்த வலு காணாதாம். அதற்கடுத்தது இருபத்தைந்து. எஞ்சின் பூட்டுகிற பின்பலகை தாங்காதாம். ஊரில் எங்கள் படகின் அளவில் நிற்கிற படகுகளில் பாதிக்கு மேல் இருபத்தைந்துதான் பூட்டியிருக்கிறது. அதைச் சொன்னால், "அவங்கட பலகை வேற" என்பார்.

இடையில் ஊர் முழுக்க எங்களுக்குப் புத்தி சொல்லத் தொடங்கியிருந்தது. வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் எஞ்சின் படம் அனுப்பினார்கள். கோயிலில் வைத்து ஐயரும் ஒரு எஞ்சின் சொன்னார். கணவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார், ஓம் ஓம் என்பார், கடைசியில் ஒரு பிழை கண்டுபிடிப்பார். படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. நான் தையல் மெசினில் குனிந்தபடியே குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஒட்டுசுட்டானில் பார்த்த ஆறாவது எஞ்சினில் எனக்கே ஒரு பிழையும் தெரியவில்லை. வயலும் செய்துகொண்டு களப்பில் மீன்பிடித் தொழிலும் செய்கிற மனிசன் அதற்குச் சொந்தக்காரர். யானை முறித்த வேலியை அடைத்துக்கொண்டிருந்தவர், எங்களுக்காக வேலையை விட்டுவிட்டு வந்தார். தண்ணீர் நிரப்பிய பெரிய பீப்பாவில் எஞ்சினை இறக்கி, அதைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுவையில் பிடித்தது. பின்பக்கத்துச் சின்னத் துவாரத்தால் தண்ணீர் நூல் பிடித்த மாதிரிப் பீச்சியது, உள்ளே சூடேறாமல் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கியர் ஒயிலை விரலில் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். இது தெளிவாக இருந்தது. எங்கள் படகின் உயரத்துக்கு, தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் காலும் சரியான நீளம். என் கணவர் அதை முக்கால் மணித்தியாலம் ஓட விட்டார். பெற்றோல் அந்த மனிசனுடையது.

பிறகு சொன்னார்: "சத்தம் எனக்குப் பிடிக்கேல்ல."

"பாட்டுக் கச்சேரிக்கே வாங்கிறம்?" என்று கேட்டேன். அந்த மனிசன் திரும்பவும் வேலி அடைக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் நான் மோட்டார் சைக்கிளில் ஏற மறுத்தது.

பஸ்ஸால் இறங்கி நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கூட்டாளி வீட்டுக்குப் போனேன். தொழில் இல்லாமல் அவர் மேசன் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் வந்து சீமெந்துக் கையைக் கழுவிக்கொண்டு நின்றார். என் முறைப்பாட்டையெல்லாம் அவருக்கு முன்னால் கொட்டினேன். "நீங்களாவது ஒருக்காச் சொல்லுங்கோ. உங்கட அண்ணைக்கு இந்த உலகத்தில ஒரு எஞ்சினும் சரிவராது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அக்கா, அண்ணை அண்டைக்கு நடந்ததைச் சொன்னவரோ?" என்று கேட்டார்.

"எஞ்சின் நிண்டது. அவ்வளவுதான்."

"கயிறு இழுத்து இழுத்து அவற்ற கை கிழிஞ்சுபோச்சு. நான் இழுக்கிறன் எண்டாலும் விடேல்ல. தூரத்தில ஒரு படகு போனது. போட்டிருந்த சேட்டைக் கழட்டி ஆட்டினம், கத்தினம். அவங்கள் காணேல்ல. அந்தப் படகு மறைஞ்ச பிறகு அண்ணை எஞ்சின் மேல தலையை வைச்சுக்கொண்டு குந்தினவர்தான். 'மனிசிக்கு ஒண்டும் சொல்லாமல் வந்திட்டன்' எண்டு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னவர். நான் பயந்து போனன், அக்கா. கடலுக்கில்லை. அவரை நினைச்சுத்தான்."

அன்று காலையில் நாங்கள் ஏதோ சின்ன விஷயத்துக்குச் சண்டை பிடித்திருந்தோம். அவர் என்னோடு கதைக்காமல் போனது ஞாபகம் வந்தது. பாவம் என்று தோன்றவில்லை. முதலில் வந்தது கோபம்தான். நாலு மாதம் ஊர் ஊராய் அலைந்து, நல்ல எஞ்சின்களையெல்லாம் பழி சொல்லித் தள்ளி, பயமாயிருக்கிறது என்ற ஒரு சொல்லை என்னிடம் சொல்ல முடியவில்லையே என்ற கோபம். வீடு வந்து சேரும்வரை அது ஆறவில்லை. குசினியில் அவர் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டு மூடி வைத்திருந்தார். அதைக் கண்டதும் கோபம் இன்னும் கூடியது.

ஏழாவது எஞ்சினை நான்தான் தேடினேன். முல்லைத்தீவு டவுனில், பல வருஷம் புத்தளப் பக்கம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்ட ஒரு முஸ்லிம் முதலாளி. முஸ்லிம் ஆட்கள் அண்ணையைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லோருக்கும் அவர் 'நானா'தான். இருபத்தைந்து குதிரைவலு எஞ்சின் ஒன்றைக் காட்டினார். மேல்மூடியில் ஒரு வெடிப்பு, எஞ்சினைத் தூக்கி நிறுத்தும் கொளுவி சரியாகப் பிடிக்காது. இரண்டையும் நாங்கள் கேட்கும் முன்பே அவரே சொல்லிவிட்டார். என் கணவர் வழக்கம்போலக் குந்தினார், பார்த்தார். வாய் திறக்கப் போகிறார் என்று தெரிந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"நானா, பீப்பாவில ஓட்டிப் பாத்து எங்களுக்கு விளங்கேல்ல. எங்கட படகில பூட்டிக் கடலில ஓட்டிப் பாக்க விடுவீங்களோ?"

நானா என் கணவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கொண்டு போங்கோ தங்கச்சி. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முதல் திருப்பிக் கொண்டு வந்திடுங்கோ."

"நானும் படகில வருவன்" என்று வழியில் கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே?"

"ஓம். நாலு மாசமா விசர் பிடிச்சுத்தான் திரியிறன்."

கூட்டாளி மேசன் வேலைக்குப் போயிருந்ததால், அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் மட்டும் போகிறதாகப் படகைத் தள்ளினோம். தள்ள வந்தவர்கள், "அக்காவும் தொழிலுக்கோ?" என்று சிரித்தார்கள். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நான் படகில் ஏறியது அதுதான் முதல் தடவை. கரையில் உடையும் அலைகளைத் தாண்டும்போதே வயிற்றைக் குமட்டியது. பனைகள் மெல்லிய கோடாகத் தெரியும் தூரத்துக்குப் போனதும், அவர் எஞ்சினை நிறுத்தினார்.

கடலில் எஞ்சின் நின்றால் எப்படியிருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. படகுக்குக் கீழே தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும்தான். படகு மெல்லத் தானாகவே திரும்பத் தொடங்கியது. அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், தொடவில்லை.

"இழுங்கோவன்" என்றேன்.

இழுத்தார். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். பிடிக்கவில்லை. அவர் கழுத்தில் நரம்பு புடைத்து நின்றது. மூன்றாவது இழுவையில் பிடித்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் திரும்பவும் நிறுத்திவிட்டார். திரும்பவும் இழுத்தார், பிடித்தது. கொஞ்சத் தூரம் ஓடினார், நிறுத்தினார். நான் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் எத்தினை தரம் நிப்பாட்டப் போறீங்கள்?"

"பேசாமல் இரும். சூடாயிருக்கேக்க பிடிக்குதோ எண்டு பாக்கோணும்."

பத்துத் தரமாவது இருக்கும். கடைசியில், "நீர் ஒருக்கா இழுத்துப் பாரும்" என்றார். எனக்கு நிற்கவே பலமில்லை. இருந்தாலும் இருந்த எரிச்சல் முழுவதையும் சேர்த்து ஒரே இழுவையாக இழுத்தேன். எஞ்சின் பிடித்தது, நான் மல்லாந்து விழுந்தேன். அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை காலம் என்று எனக்குக் கணக்கில்லை.

கரைக்குத் திரும்பும்போது, எஞ்சின் சத்தத்துக்கு மேலாக, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அண்டைக்கு எனக்குச் சரியான பயம்."

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னா என்ன? நீங்கள் சொல்லேல்லத்தானே."

அவருக்குக் கூட்டாளி மேல் கோபம் வந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் கரை வந்ததும் நான் இறங்க அவர் கை நீட்டினார், நானும் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போனபோது, கொளுவி சரியில்லை, மூடி வெடிப்பு என்று கணவர் மறுபடியும் தொடங்கினார். நானாவுக்கே பொறுமை போய்விட்டது. "தம்பி, என்ட மகளுக்கு மாப்பிள்ளை பாக்கேக்க நான் இவ்வளவு பாக்கயில்லை" என்றார். வாங்கிவிட்டோம். அவரும் கூட்டாளியும் இப்போது ஒழுங்காகத் தொழிலுக்குப் போய் வருகிறார்கள். கடலுக்குள் எஞ்சின் இரண்டு தடவை தொல்லை கொடுத்திருக்கிறது. இரண்டு தடவையும் தானே கழற்றித் திருத்திக்கொண்டு வந்தார். வந்து முழுக் கதையையும் எனக்குச் சொன்னார், நான் கேட்காமலே, நான் மா குழைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆணி ஆணியாக.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பாவித்த எஞ்சின் எடுக்க நினைப்பவர்கள் இப்போது என் கணவரிடம்தான் யோசனை கேட்டு வருகிறார்கள். கதிரையைப் போட்டு அமர்ந்து, "எஞ்சின் வாங்கிறதெண்டா கனக்க யோசிக்கக் கூடாது, தம்பி. கண்டவுடன தெரிஞ்சிடும்" என்று அவர் சொல்வது குசினிவரை கேட்கும். தேத்தண்ணியை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.