போஸுக்கு வீசாத கிப்பாஸ்

நம் மலேசியாவில் கிப்பாஸ் என்ற மலாய்ச் சொல் இரண்டு இடங்களில் வேலை பார்க்கிறது. வீட்டில் அது காற்றாடி. வேலையிடத்தில் அது மேலதிகாரியின் முகத்துக்கு நேராக வீசப்படும் புகழ்ச்சி. முன்னதற்குக் கரண்டு பில் வரும். பின்னதற்குப் பதவி உயர்வு வரும். சேனாயில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடங்களாக மெஷின் பழுதுபார்க்கும் யோகேஸ்வரி, முதல் வகைக் கிப்பாஸை நூற்றுக்கணக்கில் கழற்றி மாட்டியவர். இரண்டாவது வகையில் அவருக்குக் கை பழகவே இல்லை.

சூப்பர்வைசர் பதவி இரண்டு முறை அவர் வாசல்வரை வந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. கடைசியாகப் போனது செல்வாவின் வீட்டுக்கு. செல்வா நல்ல தொழில்காரர். யோகேஸ்வரியைவிட நான்கு வயது இளையவர். எல்லாரும் போஸ் என்று சொல்லும் மேனேஜர் சுப்ஹான் தும்முவதற்கு முன்பே திசுத்தாளோடு நிற்பவர்.

"நீயும் கொஞ்சம் கிப்பாஸ் பண்ணித்தான் பாரேன், கை ஒடிஞ்சா போயிடும்" என்று கணவர் யுகேந்திரன் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

"என்கிட்ட இருக்கிறது ஒரே கிப்பாஸ். அது ரேடியேட்டருக்கு" என்றார் யோகேஸ்வரி.

அந்த ரேடியேட்டர் அவருடைய டிஎக்ஸில் இருக்கிறது. நாற்பது வயது தாண்டிய, பெட்டி போன்ற பழைய கார். லாபிஸில் ஒரு வீட்டின் பின்புறம், பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் வாங்கினார். கோழியை இறக்கிவிட்டு, பழைய கார்களை அறுத்து விற்கும் ஹாஃப்கட் கடையில் எடுத்த பெரிய எஞ்சினை ஏற்றி, பதிவுக் காகிதங்களையும் ஒழுங்காக முடித்து ஓட்டினார். தான் பிறந்த பெக்கோக் வரை பறந்தே போய் வந்தார். ஆனால் ஜொகூர் பாரு நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் கார் கொதித்தது.

காரணம், பெல்ட் வழியாக எஞ்சினே சுற்றிவிடும் பழைய காற்றாடி. எஞ்சின் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும். ரோட்டில் பறக்கும்போது எதிர்க்காற்றே போதும். அப்போதுதான் இது மாய்ந்து மாய்ந்து வீசும். நெரிசலில் நின்று எஞ்சின் வேகும்போது, தூக்கக் கலக்கத்தில் விசிறுவதுபோல் விசிறும். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்த யோகேஸ்வரிக்கு செல்வாவின் முகம் ஞாபகம் வந்தது. அன்றே அதைக் கழற்றினார். ரேடியேட்டருக்குப் பின்னால் மின்சாரக் காற்றாடி ஒன்றைப் பொருத்தி, தண்ணீர் சூடேறினால் தானாக ஓடும்படி சுவிட்சு, ரிலே, பியூஸ், கனத்த ஒயர் எல்லாவற்றையும் தன் கையாலேயே இணைத்தார்.

செல்வாவிடமும் ஒரு டிஎக்ஸ் உண்டு. அதே பெரிய எஞ்சின், ஆனால் பெல்ட் காற்றாடி. யோகேஸ்வரியின் முதல் சோதனையைப் பார்க்க அவரும் தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார். யோகேஸ்வரி கிரில்லின்மேல் ஒரு தாளை வைத்தார். காற்றாடி சரியாக இழுத்தால் தாள் அங்கேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். அது பறந்துபோய் செல்வாவின் நெஞ்சில் ஒட்டியது. ஒயரை மாற்றிக் கொடுத்திருந்ததால் காற்றாடி தலைகீழாகச் சுற்றி முன்பக்கம் ஊதியது.

"அலமாக், யோகாக்கா. உங்க கிப்பாஸ்கூட எதிர்த்துத்தான் அடிக்குது" என்றார் செல்வா. "எங்களுத பாருங்க. ஒயர் இல்ல, பியூஸ் இல்ல. எஞ்சின் உயிரோட இருக்கிற வரைக்கும் கூடவே சுத்தும். விசுவாசம்லா."

"விசுவாசம் சரி செல்வா. நிக்கும்போது காத்து வருதா?"

ஒயரை மாற்றினார், தாள் ஒட்டியது. ஆனால் பறந்த தாளின் கதை அதற்குள் கேண்டீனைத் தொட்டுவிட்டது.

இந்த வருடம் மூடி செய்யும் புது லைன் வந்தது. அதற்கு ஒரு சூப்பர்வைசர் தேவை. ஓய்வு பெறப்போகிற சுப்ஹான் ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டுத்தான் போவார் என்று பேச்சு. யோகேஸ்வரிக்கு அந்தப் பதவி வேண்டும். 'கிப்பாஸ் பண்ணி வாங்கினவ' என்ற பேச்சு இல்லாமல் வேண்டும். பதினான்கு வருடமாகக் காப்பாற்றிய பெயரை ஒரு நாற்காலிக்காக விட அவர் தயாராக இல்லை.

சுப்ஹானின் பிரியாவிடை விழா செல்வாவின் ஏற்பாடு. சனிக்கிழமை நண்பகல், மெயின் கேட்டிலிருந்து கேண்டீன்வரை ஊர்வலம். முன்னால் கொம்பாங் மேளம் அடிக்கும் கோஷ்டி, அடுத்து செல்வாவின் டிஎக்ஸில் போஸ். காருக்குச் சாமி ஊர்வல அலங்காரம்: கிரில்லை மறைத்துப் பெரிய சாமந்தி மாலை, அதன்மேல் சுப்ஹானின் சிரித்த முகம் அச்சிட்ட பேனர்.

"உங்க காரு பின்னாடி வரட்டும்கா. பண்டோங் டிரம்ம ஏத்திக்குங்க" என்றார் செல்வா. ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த முப்பது லிட்டர் பண்டோங். சர்பத் தூக்குவதை யாரும் கிப்பாஸ் என்று சொல்ல முடியாது. யோகேஸ்வரி நிம்மதியாக ஏற்றிக்கொண்டார்.

கொம்பாங் கோஷ்டிக்கு எந்த அவசரமும் இல்லை. உச்சி வெயில். பாதி வழியில், கிடங்கு வளைவில், போஸின் அச்சிட்ட முகத்துக்குப் பின்னாலிருந்து ஆவி கிளம்பியது. மெதுவாகச் சுற்றிய பெல்ட் காற்றாடி தன்னால் ஆனமட்டும் இழுத்துப் பார்த்தது. ஆனால் முன்னால் காற்று இல்லை. போஸின் படம்தான் இருந்தது. செல்வா எஞ்சினை நிறுத்தினார். விசுவாசமான காற்றாடியும் கூடவே நின்றது.

சுப்ஹான் இறங்கி, வேர்வையைத் துடைத்தபடி பின்னால் வந்து, யோகேஸ்வரியின் காரைத் திறந்தார்.

"இடம் இருக்காம்மா?"

"பண்டோங் இருக்கு சார். கொஞ்சம் ஒதுங்கி உக்காருங்க."

கொம்பாங் மறுபடி முழங்கியது. யோகேஸ்வரியின் கண் சூடு காட்டும் முள்ளின் மேலேயே இருந்தது. கார் கொதித்தால் பறந்த தாளின் கதைக்கு இரண்டாம் பாகம் கிடைக்கும். கொதிக்காவிட்டால், போஸைச் சுமந்தவள் என்ற பெயர் கிடைக்கும். இரண்டில் எது மோசம் என்று முடிவெடுப்பதற்குள் முள் பாதியைத் தாண்டியது. முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். காற்றாடி இரைந்து கிளம்பியது. ஊழியர்கள் போஸை நோக்கித் தூவிய சாமந்தி இதழ்கள் பாதியில் திசை மாறிக் கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டன. முள் இறங்கியது. யாருக்கும் தெரியாமல் யோகேஸ்வரி ஸ்டியரிங்கை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

"யோகாவும் கிப்பாஸ் ஆரம்பிச்சிட்டாங்கடா" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

கேண்டீன் வாசலில் எஞ்சினை நிறுத்தினார். காற்றாடி நிற்கவில்லை.

"வண்டிதான் நின்னுடுச்சே, இன்னும் யாருக்கு வீசுது?" என்றார் சுப்ஹான்.

"யாருக்கும் இல்ல சார். சூடு இருக்கு, ஓடுது. சூடு இறங்கினா நின்னுடும்."

அது நிற்கும்வரை சுப்ஹான் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். யோகேஸ்வரி பிரித்து, பதவியின் பெயரைப் படிக்காமல் மேல் ஓரத்தைப் பார்த்தார். வியாழக்கிழமை. இரண்டு நாளுக்கு முன்பே கையெழுத்தாகியிருந்தது.

"எல்லாரும் சம்பளத்த பாப்பாங்க. நீங்க தேதிய பாக்குறீங்க."

"இன்னைக்குத் தேதியா இருந்தா திருப்பிக் கொடுத்திருப்பேன் சார்."

சுப்ஹான் சிரித்துவிட்டார். "எனக்குக் காத்து வாங்கப் பிடிக்கும்மா, மறைக்கல. ஆனா புது லைன் நின்னுச்சுன்னா எந்தக் காத்தும் பத்தாது."

திங்கட்கிழமை காலைக்குள், முந்நூறு மீட்டர் சவாரியில் யோகேஸ்வரி சூப்பர்வைசர் ஆன கதை தொழிற்சாலை முழுக்கச் சுற்றியது. வியாழக்கிழமை என்று போட்டிருந்த கடிதத்தை நோட்டீஸ் போர்டில் குத்தியிருந்தால் எல்லா வாயும் அடைபட்டிருக்கும். அவர் குத்தவில்லை. ஸ்டிக்கர் கடைக்குப் போனார். டிஎக்ஸின் பின்கண்ணாடியில், ஜால்ராக்காரர்களை ஊர் கூப்பிடும் பெயரைப் பெரிய வெள்ளை எழுத்தில் ஒட்டிக்கொண்டார்: காக்கி கிப்பாஸ்.

அடுத்த சனிக்கிழமை, செல்வா தன் டிஎக்ஸோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் புது மின்சாரக் காற்றாடி.

"அக்கா, உங்களுது எத்தன இன்ச்சு?"

"பதினாலு."

"அந்த ஸ்டிக்கரும் ஒண்ணு வேணும்."

"உனக்கு எதுக்கு ஸ்டிக்கர். ஊருக்கே தெரியுமே."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. ஒயரை மட்டும் செல்வாவே இணைத்தார், யோகேஸ்வரி தொடவில்லை. செல்வா கிரில்லின்மேல் தாளை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, புது சூப்பர்வைசர் காருக்கு முன்னால் இல்லை. இரண்டு அடி ஒதுங்கி, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பெருமையாக நின்றிருந்தார்.