பேனரில் இருந்த சிவப்பு

யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம் என்கிற டிசைன் மென்பொருள் ஒன்றின் புதுப் பதிப்பு வந்தபோது, சிவகாசியில் விழா எடுக்கலாம் என்று குதித்தவன் நான்தான். அன்று காலையிலிருந்து கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கேக் வந்ததா, புரொஜெக்டர் ஓடுதா என்று அலைந்தேன். மேடையில் தொங்கிய பேனரை மட்டும் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவசரத்துக்கு அதை வேறொரு மென்பொருளின் திருட்டுக் காப்பியில் செய்திருந்தேன்.

நான் மைக்கைப் பிடித்ததும், காலண்டர் அச்சகத்தில் டிசைனராக இருக்கும் மகேஸ்வரி எழுந்தார்.

"அண்ணே, பேனர்ல சிவப்பு அம்புட்டு அழகா வந்திருக்கு. நானும் ஒரு வருசமா இந்த சாப்ட்வேர்லதான் முட்டிக்கிட்டு இருக்கேன், எனக்கு வரமாட்டேங்கு. எப்படிச் செஞ்சீக?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு" என்று தொடங்கியும்விட்டேன். அவர் ஆசையாக லேப்டாப்பைத் திறந்தார். நான் மைக்கைக் கீழே இறக்கினேன்.

"இதுல செய்யல மகேஸ்வரி. திருட்டுக் காப்பியில செஞ்சேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மகேஸ்வரி சிரிக்கவில்லை.

"அப்ப நான் மக்கு இல்லையா?" என்றார். "வாங்க, எங்கன தடுக்குதுன்னு பாப்போம்."

கேக் வெட்டாமலே கிடந்தது. எல்லாரும் அவரைச் சுற்றி நின்று அந்தச் சிவப்பைத் தேடினோம். அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பொய்யை இன்னும் ஒரே ஒரு வாக்கியம் நான் நீட்டியிருந்தால், அவர் தன்னை மக்கு என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.