பின்வாங்காத தட்டான்

பாண்டி பஜாரில் மேடை உடைகளுக்கான சரிகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் நாடகக் குழுவின் லைட்மேன் தாஸ் போன் செய்தான். "யக்கா, வாத்யாரு பூட்டாருக்கா." சரிகையைப் போட்டுவிட்டு மயிலாப்பூருக்கு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அழுகை. நடுவில் ஒருமுறை சிரிப்பும் வந்தது. எங்கள் வாத்தியார் வரதன் சாரை நினைத்தால் அந்தத் தலைக்கவசம் நினைவுக்கு வராமல் இருக்குமா?

எழுபது வயதுக்கு மேல் ஜப்பானிய சாமுராயாக நடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர் என்பது இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். இந்த நாடகமும் எடுபடாவிட்டால் இனி எங்கள் குழுவுக்குத் தேதி கிடையாது என்று சபா செயலாளர் சொல்லியிருந்த நேரம். உடைச் செலவை எதில் குறைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவரோ கவசத்தின் நெற்றியில் என்ன சின்னம் வைப்பது என்ற ஆராய்ச்சியில் இருந்தார்.

நம் மேடையில் ராஜாவுக்குத்தான் பெரிய கிரீடம். அந்தப் பழக்கத்தில் அவருக்குப் பித்தளையில் பெரிய கொம்பாகச் செய்து வைத்திருந்தேன். பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதை வெச்சுண்டு நின்னா, பசு மாடுன்னு அகத்திக்கீரை குடுத்துடுவாம்மா."

சாமுராய்கள் தங்கள் குணத்தைச் சொல்லும் சின்னத்தைச் சூடுவார்களாம். தளபதியாக நடித்தவருக்கு முயல் காது. அது வேகத்தின் அடையாளம். பாவம், அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தனக்கு ஒரு சின்னத் தட்டான் போதும் என்றார் வரதன் சார். "தட்டான் பின்வாங்காதுன்னு அவா நம்பினா. வெற்றிப் பூச்சின்னே அதுக்குப் பேர்."

அங்கேதான் சிக்கல். கூட்டத்துக்கு முதுகு காட்டக்கூடாது, பின்னால் நடந்தே திரைக்குள் மறைய வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. அதைப் போட்டவரே அவர்தான். ஒத்திகையிலும் அப்படியே செய்தார்.

அரங்கேற்றத்தன்று கடைசி வசனம் முடிந்தது. நின்றார். நெற்றித் தட்டானைத் தொட்டார். பிறகு நேரே முன்னால் நடந்து, படியிறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

"இன்னாக்கா, வாத்யாரு கீழ எறங்கிக்கினு கீறாரு! லைட்ட எங்க போடறது?" என்று தாஸ் அலறினான்.

"அவர் மேலயே போடு!"

வெளிச்சம் பின்தொடர, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வாசல் வழியாக வெளியேறினார். அவர் நெருங்க நெருங்கவே வரிசை வரிசையாக, செயலாளர் உட்பட மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. மேக்கப் கலைக்காமல் தெருவில் நின்றவரிடமே ஓடிவந்து அடுத்த தேதியைக் கொடுத்தார் செயலாளர்.

"தாண்டிப் போன வரிசைக்கெல்லாம் முதுகு காட்டினீங்களே சார்?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"எழுந்து நின்னுட்டாளே! அப்புறம் அவா கூட்டம் இல்லேம்மா, என் படை."

நேற்று அவரை வீட்டிலிருந்து எடுத்தபோது தெருவே எழுந்து நின்றது. தாஸ்தான் முதலில் கைதட்டினான். பிறகு நாங்கள் எல்லோரும் தட்டினோம்.

அந்தத் தட்டான் இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் அதே நாடகம், அவர் வேடத்தில் நான். நானும் அவர் படையில் ஒருத்திதானே. வாசல் வழியாகத்தான் வெளியே வருவேன். தாஸ், லைட்டைத் தயாராக வை.