பதினோரு ஏக்கரில் ஒரு புள்ளிமான்

போன தை மாதம் ஒரு ஞாயிறு, அவிநாசிக்குத் தெற்கே இருக்கும் ஒரு கரட்டுக்கு, அதாவது சின்னப் பாறைக்குன்றுக்கு, போய்வந்தேன். எனக்குக் கோவையில் பம்ப் பட்டறையில் வேலை, லீவு நாளில் பறவை பார்ப்பேன். அந்தக் கரட்டில் முன்பு மான் கூட்டமே பார்த்திருக்கிறேன். இப்போது ஒன்றுதான் மிச்சம் என்று, பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் சரோஜா அக்கா போனில் சொன்னார்.

காந்திபுரத்தில் காலை 5.40க்குப் பேருந்து. அவிநாசி நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர், பிறகு இரண்டு கிலோமீட்டர் நடை.

ஒருபுறம் வீட்டுமனைகள், மறுபுறம் தார்ச்சாலை. நடுவே பதினோரு ஏக்கர் காடு. வேலமும் கிளுவையும் அப்படியே நிற்கின்றன, யாரும் வெட்டவில்லை. ஆனால் காட்டுப்பூனை இல்லை, முயலும் இல்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். உள்ளே புகும் தெருநாய்கள் குறுக்கே ஓடிக் கடக்க அதுகூட வேண்டாம்.

"ஆறு மானுங்க இருந்துச்சு. நாலு ஒவ்வொண்ணா நாய்க்குப் போச்சு. கெடா மானு போன வருசம் ரோட்டுல அடிபட்டுப்போச்சு. இது ஒத்தையா சுத்துதுங்க" என்றார் அக்கா.

"மலைக்காட்டுக்குப் போயிராதுங்களா?"

"எப்படிங்க போகும்? நடுவுல பைபாஸ் இருக்குதுங்களே."

எட்டேகாலுக்கு நாய்கள் குரைத்தன. மூன்று நாய்கள் துரத்த, அந்தப் பெண்மான் வேலியைத் தாண்டி அக்காவின் கிணற்றில் விழுந்தது. அக்கா தடியெடுத்து நாய்களை விரட்டிவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். மான் சுற்றிச்சுற்றி நீந்தியது. நான் மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் குறைந்து பாறை தெரிந்ததும் அதில் ஏறி நின்று நடுங்கியது.

தீயணைப்பு வீரர்களும் ஒரு வனக்காவலரும் வந்து, ஒன்பதரைக்கு வலையில் தூக்கினார்கள். உடம்பில் காயமே இல்லை. அக்கா தன் துண்டால் அதன் கண்ணை மூடினார். பத்து நிமிடத்தில் செத்துப்போனது.

"பயத்துலயே நெஞ்சு நின்னுருக்கும்" என்றார் வனக்காவலர்.

"பொழச்சிருந்தா எங்கீங்க உடுவீங்க? மறுபடி இதுக்குள்ளதானுங்களே?" என்று அக்கா கேட்டார். அவர் மானை வலையோடு ஜீப்பில் ஏற்றினார்.

மரங்கள் இருந்தால் காடு இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடி ஒளிய இடமும், இன்னொரு காட்டுக்குப் போக வழியும் இல்லையென்றால் அது வெறும் தோப்புதான்.

போக நினைப்பவர்களுக்கு: தவிட்டுக்குருவியும் ஓணானும் பார்க்கலாம். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், கடை இல்லை. உங்கள் ஊரில் இப்படித் துண்டுக்காடு இருந்தால் ஓரமாகவே நடங்கள், நாயைக் கூட்டிப்போகாதீர்கள். போன் மேப்பில் இந்தக் கரடு இன்னும் நல்ல பச்சையாகத்தான் தெரிகிறது. அதை நம்பி மான் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்.