ஒரு சொல்லும் மாற்றாமல்

யோசெப்பின் அக்காவும் நானும் கியூபெக்கில், சென்ட் லோரன்ட் என்ற இடத்தில், ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் அருகருகே நின்று வேலை செய்தோம். மாத்திரை அட்டைகளைப் பெட்டிக்குள் வைத்து, விளக்கத் தாளை மடித்துச் சொருகி, மூடி அனுப்புவது எங்கள் வேலை. கை ஓடிக்கொண்டேயிருக்கும், வாய்க்கு வேலையில்லை. அதனால் அவருடைய கதை முழுவதும் எனக்குத் தெரியும்.

மன்னாரிலிருந்து எண்பத்தொன்பதில் வந்தவர். அகதி விசாரணைக்கு அவருக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பாளர், "தம்பியை ஆமி கொண்டுபோனது" என்று அவர் சொன்னதை, "தம்பி ஆமியோடு போனான்" என்று, தானாகவே ராணுவத்தில் சேர்ந்தவன்போலச் சொல்லிவிட்டார். வழக்கு தள்ளுபடியாகி, மேல்முறையீடு செய்து, ஒருவாறு சரிவருவதற்கு மூன்று வருடம் போயிற்று. அந்த மூன்று வருடத்தில்தான் அவர் பிரெஞ்சு படித்தார். எங்களைப் போல "போன்ஜூர், மெர்சி" பிரெஞ்சு இல்லை. எங்களோடு வேலை செய்த ஹெயிட்டிப் பெண்கள் பகிடி விட்டால் பதிலுக்குப் பகிடி விடுகிற பிரெஞ்சு. பிறகு ஒரு நிறுவனத்தில் பெயர் பதிந்து, வேலை இல்லாத நேரங்களில் ஆஸ்பத்திரிக்கும் விசாரணைகளுக்கும் மொழிபெயர்க்கப் போனார்.

"ஒரு சொல்லும் மாத்தக் கூடாது, இந்திரா," என்பார். "அவை பொய் சொன்னாலும் அது அவையின்ர பொய். நான் திருத்தப் போனா அது என்ர பொய்."

அவருடைய கணவரின் பெயர் பற்றிக். பற்றிக் அண்ணை ஒரு கிடங்கில் பாரந்தூக்கி ஓட்டினார். கிடங்கை மூடியதும் வேலை போயிற்று. பிறகு அவருக்குப் போக்கிடம் ஒன்றுதான்: 'சாம்ராட்'. வெளியே வரவேற்பு மண்டபம் என்று பெயர். பிறந்தநாள், சாமத்திய வீடு, கலியாணம் எல்லாம் நடக்கும். ஒன்றும் இல்லாத நாட்களில் பின்பக்க அறையில் பார். அரியரத்தினம் என்பவர் நடத்தினார். கோயிலுக்கும் கொடுப்பார், தேவாலயத் திருநாளுக்கும் கொடுப்பார். அவரைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்ல ஆளில்லை.

இரண்டாயிரத்து நான்கு பெப்ரவரியில் ஒருநாள் பற்றிக் அண்ணை வீட்டுக்கு வரவில்லை. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. சாம்ராட்டுக்கு எதிரேயிருந்த பஸ் தரிப்பில் கிடந்திருக்கிறார். மைனஸ் இருபத்தாறு. யாரோ ஒரு கிழவி பார்த்து அம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறாள். உயிர் தப்பியது. வலது கையில் நான்கு விரல்களும், இரண்டு கால்களிலும் முன்பாதியும் போயின.

யோசெப்பின் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சாம்ராட்டுக்குப் போனார். அரியரத்தினம் கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்துச் சொன்னாராம்: "அக்கா, அண்ணை பத்து மணிக்கே வெளிக்கிட்டவர். நான் கதவு வரைக்கும் வந்து அனுப்பினனான். வீட்டை போறன் எண்டுதான் சொன்னவர்." அக்கா அதை நம்பினார். பத்து மணிக்குப் பஸ் இருந்ததே, ஏன் ஏறவில்லை என்று பற்றிக் அண்ணையிடம் கேட்டால், அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

இரண்டரை வருடம் கழிந்தது. இரண்டாயிரத்து ஆறு ஒக்டோபரில் நிறுவனத்திலிருந்து ஒரு வேலை வந்தது. நகரப் பகுதிச் சபை ஒன்றின் கூட்டம், மாலை ஏழு மணி, விண்ணப்பதாரர் தமிழர். பெயருக்குப் பதிலாக ஒரு கம்பெனி இலக்கம்தான் தாளில் இருந்தது. கியூபெக்கில் பாதிக் கம்பெனிகளுக்கு இலக்கம்தான் பெயர். அக்கா போய்ச் சேர்ந்தபோது வாசலில் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றவர் அரியரத்தினம்.

அவர் கேட்டது இதுதான்: முன் மண்டபத்திலும் விடிய மூன்று மணிவரை இசையும் ஆட்டமும் குடியும் நடத்த அனுமதி. மதுவுக்கான பெமிற், அதாவது அனுமதிப் பத்திரம், கொடுப்பது மாகாண அலுவலகம். ஆனால் அந்த இடத்தில் அப்படி ஒரு தொழில் நடத்தலாம் என்று முதலில் பகுதிச் சபை கையுயர்த்த வேண்டும்.

"கடவுளே, நீங்களோ அக்கா!" என்று அவர் சிரித்தார். "வேற ஆரேனும் எண்டா எனக்குப் பயமாயிருந்திருக்கும்."

அக்கா திரும்பிப் போயிருக்கலாம். தெரிந்த ஆள் என்று செயலாளரிடம் சொன்னால் போதும், கூட்டத்தைத் தள்ளி வைத்திருப்பார்கள். பிறகு என்னிடம் சொன்னார்: "அவன் என்ன சொல்லப் போறான் எண்டு கேக்க எனக்கொரு ஆசை வந்திட்டுது. அதுதான் நான் விட்ட பிழை." செயலாளர் நீட்டிய தாளில் கையெழுத்து வைத்தார். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன், சொந்தமாக எதுவும் பேசமாட்டேன் என்று அதில் இருந்தது.

சபையில் ஐந்து பேர். நடுவில் தலைவி, கண்ணாடியைத் தலையில் தூக்கி வைத்திருந்த ஒரு பெண். அயலவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கார் நிறுத்த இடமில்லை என்றார் ஒருவர். தன் வேலியோடு வந்து மூத்திரம் பெய்கிறார்கள் என்றார் இன்னொருவர். பாட்டின் பேஸ் சத்தத்தில் அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடுகின்றன என்றாள் ஒரு தாய். அக்கா ஒவ்வொன்றையும் அரியரத்தினத்தின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தலையாட்டி, ஒரு சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு வயதான பெண் எழுந்தாள். மதாம் பெலில் என்று பெயர் சொன்னாள். சாம்ராட்டுக்கு நேர் எதிரே முப்பது வருடமாகக் குடியிருப்பவள்.

"சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லை, எனக்குக் காது மந்தம்," என்றாள். சிலர் சிரித்தார்கள். "இரண்டு வருடத்துக்கு முன்னால், பெப்ரவரியில், விடிய ஐந்து மணிக்கு நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். பஸ் தரிப்பில் ஒரு மனிதன் கிடந்தான். உங்கள் நாட்டு ஆள், மூசியூ. குளிர் ஜாக்கெட் இல்லை. உங்கள் மண்டபத்தில் ஜாக்கெட்டை வாங்கித் தொங்கவிட்டுக் கொடுக்கும் துண்டு கையில் இருந்தது, இலக்கம் போட்ட மஞ்சள் துண்டு. கதவு பூட்டியிருந்தது. அவனுடைய ஜாக்கெட் உள்ளே தொங்கியிருக்கும். அவன் செத்தானா பிழைத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதற்கு மட்டும் இந்த மனிதர் பதில் சொல்லட்டும்."

அக்கா அதையும் தமிழில் சொன்னார். ஜாக்கெட் எங்கே போயிற்று என்று அவர் பலமுறை யோசித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் வெட்டி எறிந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

தலைவி அரியரத்தினத்தைப் பார்த்தாள். அரியரத்தினம் அக்காவைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"அண்டைக்கு அந்த மனிசன் என்ர இடத்தில குடிக்கேல்லை. வேற எங்கயோ குடிச்சிட்டு வந்தவர். நான் உள்ளுக்க விடேல்லை. அந்தத் துண்டு முந்தி எப்பவோ வந்த நேரம் எடுத்ததாயிருக்கும்."

மண்டபத்தில் இருந்த எழுபது எண்பது பேரில் இரண்டு மொழியும் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அக்கா வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அதுதான் சபைப் பதிவில் ஏறியிருக்கும். அரியரத்தினத்தின் பிரெஞ்சு பியர் விற்கப் போதும், மறுத்துப் பேசப் போதாது. தலைவி, "மொழிபெயர்ப்பு, மதாம்?" என்றாள். பிறகு இன்னொரு தடவை கேட்டாள்.

யோசெப்பின் அக்கா எழுந்து நின்று சொன்னார். மொழிபெயர்ப்பாளர் "அவர் சொல்கிறார்" என்று சொல்வதில்லை, "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் நல்ல தெளிவான பிரெஞ்சில், "அந்த மனிதன் என் இடத்தில் குடிக்கவில்லை. நான் அவனை உள்ளே விடவில்லை," என்று சொன்னார். துண்டைப் பற்றியும் சொன்னார். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

பிறகு செயலாளரிடம் குனிந்து, ஒரு பொதுமகளாகத் தான் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கேட்டார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்றார் அவர். சென்ட் மிஷேல். அப்படியென்றால் இந்தப் பகுதியின் ஆள் இல்லை. அதோடு ஏழு மணிக்கு முன் பெயர் பதிந்தவர்கள்தான் பேசலாம். அதோடு மொழிபெயர்ப்பாளர் பேசவே முடியாது. மூன்று காரணத்தையும் மரியாதையாகவே சொன்னார்.

நான்கு கைகள் உயர்ந்தன. ஒன்று உயரவில்லை. இரட்டைக் கதவு போட வேண்டும், முப்பது காருக்கு இடம் காட்ட வேண்டும், குப்பையை இரவில் வெளியே வைக்கக் கூடாது என்று நிபந்தனைகள் வாசிக்கப்பட்டன. பஸ் தரிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

வெளியே நடையில் அரியரத்தினம் இரண்டு கையையும் கூப்பினார். "நன்றி அக்கா. வடிவாச் சொன்னீங்கள்."

"எனக்குப் பத்து மணிக்குப் போனவர் எண்டு சொன்னீங்கள். இண்டைக்கு உள்ளுக்கயே விடேல்லை எண்டுறீங்கள். எத்தினை மணிக்கு வெளியில விட்டனீங்கள்?"

"அக்கா, அது முடிஞ்ச கதை. பதினெட்டுக் குடும்பம் அந்த இடத்தை நம்பி இருக்கு."

"எத்தினை மணிக்கு?"

"சண்டை பிடிச்சவர் அக்கா. என்னட்டை வேலை செய்யிற பெடியள் வெளியில தள்ளிப் போட்டுப் பூட்டிட்டாங்கள். ஜாக்கெட் உள்ளுக்க கிடந்தது விடியத்தான் தெரியும். சத்தியமாத் தெரியாது." இதைச் சொல்லிவிட்டு அவர் வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

மதாம் பெலில் வெளி வாசலில் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டிருந்தாள். அக்கா அவளருகே போய், "மதாம், அந்த மனிதன் சாகவில்லை. அவர் என் கணவர்," என்றார். இரண்டு வருடமாக அந்தக் கிழவியைக் கண்டுபிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தவர். சொல்லவும் தொடங்கினார்.

கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கள் கணவரா? நீங்கள்தானே இப்போது எழுந்து நின்று, அவன் அங்கே குடிக்கவில்லை என்று சொன்னீர்கள்?"

"அது நானில்லை, மதாம். அவர் சொன்னதை நான்..."

"என் காது மந்தம்தான். ஆனால் அதைச் சொன்னது உங்கள் வாய்," என்றாள். கைப்பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தால் பற்றிக் அண்ணை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். செய்தி அதற்குள் தொலைபேசியில் வந்துவிட்டது. "இஞ்சரும், அரியத்துக்குப் பெமிற் கிடைச்சிட்டுதாமே?"

அக்கா நடந்தது அவ்வளவையும் சொன்னார். ஜாக்கெட், மஞ்சள் துண்டு, தள்ளிவிட்டுப் பூட்டிய கதவு. பதினாறு வயது மகள் ஜொய்சி சமையலறை வாசலில் நின்று கேட்டாள். பற்றிக் அண்ணை விரலில்லாத கையை எடுத்து மடியில் வைத்தார்.

"வேற என்னெண்டு அவன் சொல்லுறது?" என்றார் பிறகு. "உண்மையைச் சொன்னாப் பெமிற் போயிடுமே. என்ர பேரையும் சொல்லேல்லைத்தானே."

ஜொய்சி பிரெஞ்சில் ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அறைக்கதவை அடித்துச் சாத்தினாள்.

அக்கா சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு பக்கம், பிழையில்லாத பிரெஞ்சு, எனக்கு வாசித்துக் காட்டினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. தீர்மானம் விதிப்படி எடுக்கப்பட்டது, மதுபானம் பற்றிய முறைப்பாடுகளை மாகாண அலுவலகத்துக்கு அனுப்பவும். அக்கா எழுதிய கடிதத்தின் பிரதி ஒன்று மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கும் போயிருந்தது. தன் குடும்பம் சம்பந்தப்பட்ட விடயத்தை மறைத்து வேலையை ஏற்றார், கூட்டத்தில் கேட்டதை வைத்து முறைப்பாடு எழுதினார் என்று சொல்லி அவர்கள் பட்டியலிலிருந்து அவருடைய பெயரை எடுத்துவிட்டார்கள்.

"அவை செய்தது சரி," என்றார் அக்கா, மாத்திரை அட்டையை அடுக்கிக்கொண்டே. "நான் அவையின்ர இடத்தில இருந்தாலும் எடுத்திருப்பன்." மாகாண அலுவலகத்துக்கு அவர் எழுதவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

டிசம்பரில் சாம்ராட் புது மண்டபத்தைத் திறந்தது. திரு. திருமதி பற்றிக் என்று பொன்னெழுத்தில் அழைப்பு வந்தது. பற்றிக் அண்ணை போனார். அக்கா போகவில்லை. தடுக்கவும் இல்லை. திரும்பி வரும்போது கையில் ஒரு பார்சல்: மட்டன் பிரியாணி, கத்தரிக்காய்க் கறி, அவித்த முட்டை. "அரியம் தானே காரில கொண்டுவந்து விட்டவன்," என்றார் சந்தோஷமாக.

அடுத்த நாள் இடைவேளையில் யோசெப்பின் அக்கா ஒரு பெரிய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். எனக்கும் மூடியில் போட்டுத் தந்தார். நல்ல ருசி, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். சொன்னார். எனக்குக் கை நின்றுவிட்டது.

"சாப்பிடு, இந்திரா," என்றார். "ஜொய்சி தொட மாட்டன் எண்டிட்டாள். சோத்தை எறிஞ்சு எனக்குப் பழக்கமில்லை."

அவர் முட்டையை இரண்டாகப் பிய்த்து, பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, மணி அடிக்க முன் முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.